மார்னி டுடெக்கின் இருபத்தொரு செவ்வாய்க்கிழமைகள்

மார்னி டுடெக் பயந்தவள். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. நாய் என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம், இடி என்றால் பயம். டெலிபோன் மணி மூன்றாவது தடவை அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிடுவாள். தன் கல்யாணத்தன்று சர்ச் கூரையில் தொங்கிய சரவிளக்கைப் பார்த்துப் பார்த்தே பாதிரியார் கேட்டதற்கு இரண்டு தடவை தப்பாகப் பதில் சொன்னாள். மாப்பிள்ளை ஸ்டான், "அது விழாதும்மா, நீ சரின்னு சொல்லு" என்று காதில் கெஞ்சினான்.

அப்படிப்பட்டவளுக்கு வேலை பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. பதினான்காம் நம்பர் மஞ்சள் பஸ், நாற்பது பிள்ளைகள், கார்வர்ஸ் ஃபெரி ஊரின் செங்குத்தான தெருக்கள், ஆற்றுப் பாலம், பனிக்காலத்தில் அந்தப் பாலத்தின் மேல் கண்ணாடி போலப் படியும் ஐஸ். பயந்தாங்கொள்ளியிடம் போய் ஊர்ப் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஊர்க்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். பதினோரு வருஷத்தில் அந்த பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஏழு கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். எந்தச் சந்திலிருந்து எந்தக் கார் புறப்படும் என்று கார்க்காரனுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஊரில் பெண்கள் ஆடும் கால்பந்து அணி ஒன்று இருந்தது. முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருத்தி ஓட, எதிரணி பதினோரு பேரும் அவளைத் தரையில் சாய்க்கப் பாய்கிற ஆட்டம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், நர்ஸ்கள், சமையல்காரிகள், சிறைக் காவலாளி ஒருத்தி. அணியின் பெயர் ஹாமர்ஸ். வெளியூர் ஆட்டங்களுக்கு அவர்களைக் கூட்டிப்போக பஸ்ஸும் டிரைவரும் வேண்டியிருந்தது. அப்படித்தான் மார்னி அவர்களோடு சேர்ந்தாள். அவர்கள் ஆடும்போது காலரியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு மோதலுக்கும் முகத்தைப் பொத்திக்கொள்வாள்.

முப்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள் பயிற்சிக்கு ஆள் குறைந்தது. கறிக்கடையில் வேலை பார்க்கும் ஜெரல்டின் பேக்ஸ்டர்தான் கூப்பிட்டாள். அணியின் பெரிய ஓட்டக்காரி அவள். மாட்டுத் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுகிறவள்.

"ஏ பஸ்காரி! எறங்கி வா. சும்மா நின்னாப் போதும்."

"எனக்கு வேண்டாம்டி. எனக்கு நெஞ்சு படபடங்குது."

"நெஞ்சு படபடக்கலன்னாத்தான்டி ஆம்புலன்சக் கூப்பிடணும். வா!"

ஹெல்மெட்டை மாட்டினார்கள், தோள் கவசத்தைக் கட்டினார்கள், கையில் பந்தைத் திணித்தார்கள். எதிரே பதினொரு பெண்கள் பாய்ந்து வந்தார்கள். மார்னி செய்ததெல்லாம் ஒன்றுதான். யாரும் இல்லாத இடம் எங்கே என்று பார்த்தாள், அங்கே போனாள். அங்கே ஆள் வந்ததும் மறுபடி பார்த்தாள், மறுபடி போனாள். எல்லைக் கோட்டைத் தாண்டி வேலி வரைக்கும் ஓடிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் பதினொரு பேரும் தூரத்தில் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கையும் அவள் மேல் படவில்லை.

அந்த வருஷம் முழுவதும் அவள் அப்படித்தான் ஓடினாள். பந்தை வாங்கியதும் உடனே ஓட மாட்டாள். தனக்கு முன்னால் எதிரிகளை மறித்து வழிவிடும் தடுப்புக்காரிகளின் முதுகுக்குப் பின்னால் அரை நொடி நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், பிறகு வழுக்கிக்கொண்டு போய்விடுவாள். ஊர்க்காரர்கள் காலரியில் எழுந்து நின்று கத்தினார்கள். பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகளின் அப்பாக்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து பயந்தாங்கொள்ளி என்ற பட்டத்தோடு திரிந்தவளை முதல் தடவையாக ஒரு ஊர் 'தைரியசாலி' என்று சொன்னது. அந்தச் சொல்லை அவள் சர்க்கரை மிட்டாய் மாதிரி வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

குளிர்காலத்தில் ஓட்டக்காரிகளுக்கென்று தனியாக ஒரு கோச் வந்தாள். இயோலா பிரைஸ், மார்னியைவிட நாலு வயது இளையவள். முந்தின வருஷம் வரை தானே ஓடியவள். கிட்டத்தட்ட நூறு கிலோ எடையோடு எதிரே வருகிறவளை மிதித்துக்கொண்டு போகிற ரகம். இரண்டு முழங்காலும் போனபிறகுதான் விசிலை எடுத்தாள். கெட்டவள் இல்லை, நல்ல மனசு. ஆனால் ஓடுவதற்கு உலகத்தில் ஒரே வழிதான் உண்டு, அது தான் ஓடிய வழி என்று நம்பியவள். ஊரும் அப்படித்தான் நம்பியது. அந்த ஆற்றங்கரையில் ஓட்டக்காரர் என்றால் தலையைத் தாழ்த்தி நேரே போய் இடிக்கவேண்டும். மற்றதெல்லாம் நடனம்.

எல்லாருக்கும் ஒரே பயிற்சி. இரும்புச் சறுக்கு வண்டியைத் தள்ளு, டயரை இழு, எடையைத் தூக்கு. "அந்த உடம்பு பத்தாது மார்னி, எட்டுக் கிலோ ஏத்து" என்றாள் இயோலா. ஸ்டான் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் மிதக்கவிட்டுப் பரிமாறினான். மார்னி ஏற்றினாள்.

செவ்வாய்க்கிழமை தோறும் அடுப்பு. அதுதான் அதற்குப் பெயர். பழைய பள்ளிக்கூட ஜிம்மில் இரண்டு வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள், முடிவில் ஒருத்தி குனிந்து நிற்பாள். ஓட்டக்காரி பந்தோடு நடுவில் புகுந்து, இரண்டு பக்கமும் விழுகிற அடியை வாங்கிக்கொண்டு, கடைசியில் நிற்பவளைத் தலை தாழ்த்தி முட்டவேண்டும். ஒரு செவ்வாய்க்குப் பத்துத் தடவை. திங்கட்கிழமை சாயங்காலமே மார்னி மறுநாளின் பத்துத் தடவையை விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவாள். அடுப்பில் பக்கம் பார்க்க இடமில்லை, காலி இடமும் இல்லை. நாலாவது செவ்வாய்க்கிழமை அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடினால் பயம் வரவில்லை. தலையைத் தாழ்த்தினாள், போய் முட்டினாள், எதிரில் நின்றவள் மல்லாந்து விழுந்தாள். இயோலா ஓடிவந்து கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். "பாத்தீங்களாடி? இதுதான் ஓட்டம்! மார்னி, உன் பயத்த ஒரேயடியா வெரட்டிட்டேன்!" மார்னியும் அதை நம்பினாள். நம்பத்தான் அவளுக்கு ஆசை.

ஏப்ரல் கடைசியில் முதல் ஆட்டம். மூன்றாவது தடவை பந்து வாங்கியபோது கண்ணை மூடினாள், தலையைத் தாழ்த்தினாள், இடித்தாள். கழுத்திலிருந்து இடது கை விரல் நுனி வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு சுடர் ஓடியது. அப்புறம் கையே இல்லை. கண்ணால் பார்க்கிறாள், கை இருக்கிறது, ஆனால் அது அவளுடைய கையாக இல்லை. பத்து நொடி கழித்துத் திரும்பி வந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் வரவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர். டாக்டர் என்றால் ஆட்டம் கிடையாது, ஒருவேளை பஸ்ஸும் கிடையாது. அதற்கும் மேலாக ஒன்று இருந்தது. கழுத்து வலிக்கிறது என்று ஒதுங்கினால் ஊர் என்ன சொல்லும்? பாரு, பழைய பயந்தாங்கொள்ளி திரும்பி வந்துட்டா என்று சொல்லும். இன்னொரு தடவை அப்படி முட்டினால் கை மட்டுமா போகும், காலும் சேர்ந்து போகுமா என்ற பயம் ஒரு பக்கம். 'தைரியசாலி' என்ற அந்த மிட்டாயைப் பிடுங்கிக்கொள்வார்களே என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயம்தான் பெரியதாக இருந்தது. அவளை முட்டாள் என்று திட்டத் தோன்றுகிறது, ஆனால் அந்த ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் தீயணைப்புக் கூடத்தில் ஆட்டப் படம் போடுவார்கள். கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று ஸ்டான் பிடித்த படம். பெண்டாட்டி முகத்தை விட்டு அவன் காமிரா நகர்ந்ததே இல்லை. மூன்றாவது ஓட்டம் திரையில் வந்தபோது மார்னி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செத்துத் தொங்கிய கையை இப்போது எல்லாரும் பார்க்கப்போகிறார்கள்.

இயோலா படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள், மறுபடி நிறுத்தினாள். ஹெல்மெட் கம்பிகளுக்கு நடுவே மார்னியின் முகம் திரை அளவுக்குப் பெரிதாக நின்றது.

"ஐயையோ," என்றாள் ஜெரல்டின், "பஸ்காரி தூங்கிட்டே ஓடறாடி!"

கூடமே சிரித்தது. இயோலா சிரிக்கவில்லை. விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, "எல்லாரும் போய்க் காப்பி குடிங்க" என்றாள். மார்னியை மட்டும் உட்காரவைத்து, போன வருஷப் படத்தை எடுத்துப் போட்டாள். அதில் மார்னியின் தலை நிற்கவே இல்லை. இடம், வலம், இடம்.

"இங்க என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தே?"

"எங்க ஆள் இல்லன்னு பாத்தேன்."

"எதுக்கு?"

"பயமா இருந்துச்சு கோச். என்ன கேள்வி இது? பதினொரு பேரு கொல்ல வர்றாங்க!"

இயோலா இரண்டு படத்தையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தாள். பிறகு தன் தொடையைத் தானே ஓங்கி அறைந்துகொண்டாள். "நான் ஒரு மடச்சி. உன்ன என்னய மாதிரி ஆக்கணும்னு கெளம்பினேன். என்கிட்ட இருந்தது எடை. உன்கிட்ட இருந்தது இந்தப் பயம். அதுதான் உனக்குக் கண்ணு. அதப் போய் பிடுங்கிட்டேன் பாரு."

கையை அவள் பார்க்கவில்லை. மார்னி நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதிக்காகப் பிறகு தன்னையே பலதடவை திட்டிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பயிற்சி மாறியது. ஜெரல்டினுக்கு அதே இரும்பு வண்டி, அதே அடுப்பு. அவள் உடம்புக்கு அதுதான் சரி. மார்னிக்கு அடுப்பு இல்லை, எடை இல்லை. பதிலுக்கு நாலு பெண்கள் சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். விசில் அடித்ததும் மூன்று பேர் வெளியே பாய்வார்கள். எந்த மூலை காலி என்று மார்னி ஓடாமலேயே கத்தவேண்டும். முதலில் நின்றுகொண்டு, பிறகு நடந்துகொண்டு, கடைசியில் பந்தோடு. ஏற்றிய உடம்பில் மூன்று கிலோ இறக்கச் சொன்னாள் இயோலா. "அரை நொடி நில்லு. பயப்படு. நல்லாப் பயப்படு. அப்புறம் போ," என்று பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள் இயோலா.

"எனக்கும் பயப்படச் சொல்லிக் குடேன் கோச், இந்த வண்டி தள்ளித் தள்ளி இடுப்பு போச்சு," என்றாள் ஜெரல்டின்.

"உன்னப் பாத்து வண்டிதான்டி பயப்படுது. தள்ளு!"

யாரும் எதிர்பாராதது ஒன்று நடந்தது. கண் திறந்ததும் பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்தது, ஆட்டக்களத்தில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும். கண்ணை மூடியிருந்த மாதங்களில் அவள் நினைக்காமல் தள்ளிவைத்ததெல்லாம் ராத்திரியும் பகலும் கண்முன் வந்து நின்றது. சமையலறையில் காப்பிக் கோப்பை இடது கையிலிருந்து நழுவி உடைந்தது. ஸ்டான் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டான்.

"என்னம்மா, இந்த மாசத்துல இது மூணாவது."

"சூடா இருந்துச்சு."

"ஆறிப்போன காப்பிம்மா அது."

அவள் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை, மேட்டுத் தெரு நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தினாள். பஸ்ஸின் சிவப்பு விளக்கு மின்னியது. வலது கையால் கதவைத் திறந்தாள், இடது கை சக்கரத்தின் மேல் இருந்தது. ஒரு சின்னப் பெண் புத்தகப் பையோடு பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் இடது கை முழுவதும் மரத்துப்போய் சக்கரத்திலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கால் பிரேக்கில் இருந்தது, பஸ் அசையவில்லை, குழந்தை ஏறி "குட் மார்னிங் மிஸ் மார்னி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. மார்னி பள்ளிக்கூடம் வரைக்கும் பஸ்ஸை நடை வேகத்திலேயே ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. பிள்ளைகளை இறக்கிவிட்டதும் உடம்பு சரியில்லை என்று சொல்லி சாவியை ஒப்படைத்தாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் இயோலாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சொல்லவில்லை. உடை மாற்றும் அறையில் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். முதல் தடவை ஜெரல்டின் குறுக்கே வந்து, "இன்னிக்கு முழிச்சுக்கிட்டு ஓடுடி கண்ணு" என்று முதுகில் தட்டினாள். இரண்டாவது தடவை இயோலாவே, "உன்ன வச்சுத்தான் இன்னிக்கு ஆட்டம்" என்று அவள் ஹெல்மெட்டில் முத்தம் கொடுத்தாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

அன்றைக்கு அவள் ஓடியதை ஊர் இன்னும் பேசுகிறது. நின்றாள், பார்த்தாள், பயந்தாள், போனாள். முதல் பாதியில் ஒருத்தியும் அவளைத் தொடவில்லை. காலரி முழுவதும் எழுந்து "பஸ்காரி! பஸ்காரி!" என்று கத்தியது. இயோலா கோட்டோரம் நொண்டிக்கொண்டே ஓடி ஓடிக் குதித்தாள்.

கடைசியில் மூன்று நிமிஷம் இருந்தது. கோல் கோட்டுக்கு இரண்டு கெஜம். ஜெரல்டின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று வைத்திருந்த ஓட்டத்தை, இயோலாவுக்கு மேலே இருந்த தலைமைக் கோச் மார்னிக்குக் கொடுத்தார். நேரே, தலையைத் தாழ்த்தி, இரண்டு கெஜம். இயோலா ஓரத்திலிருந்து "வேண்டாம், அது அவ ஓட்டம் இல்ல!" என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

பந்து வந்தது. மார்னி பார்த்தாள். இடம் அடைத்திருந்தது, வலம் அடைத்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு ஆள் அகலத்துக்கு வழி. அதன் முடிவில் எதிரணியின் ஐம்பத்திரண்டாம் நம்பர் தலையைத் தாழ்த்திக் காத்திருந்தாள், அடுப்பின் கடைசியில் நிற்பவளைப் போல. அந்த ஹெல்மெட்டின் உச்சியில் இருந்த கீறல்கள் கூடத் தெரிந்தன. கண்ணை மூடினால் போதும், பயம் போய்விடும், இரண்டு கெஜம்தான். காலரி "ஓடுடி! ஓடு!" என்று அலறியது. அவளால் கண்ணை மூட முடியவில்லை. சாலையைக் கடக்கிற அந்தச் சின்னப் பெண்ணின் பையும், மடியில் விழுந்து கிடந்த தன் கையும் கண்ணை விட்டுப் போகவில்லை.

மார்னி பந்தை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

காலரியிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது: "உக்காந்துட்டாடா! பயந்தாங்கொள்ளி உக்காந்துட்டா!" சிரிப்பும் கூச்சலும் கிளம்பின. போன வருஷம் தொப்பியைத் தொட்டவர்கள்தான். ஜெரல்டின் ஓரத்திலிருந்து, "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று கத்தினாள். மார்னி எழுந்தாள். பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு நேராக இயோலாவிடம் நடந்து வந்தாள்.

"கோச், எடது கையில ரெண்டு வெரல் மூணு வாரமா மரத்துக் கெடக்கு. நேத்து பஸ்ல கை முழுசாப் போயிடுச்சு. முன்னாடி ஒரு கொழந்த இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

இயோலாவின் முகம் வெளுத்துவிட்டது. "தலைய அசைக்காத," என்றாள். "ஆண்டவரே. தலைய மட்டும் அசைக்காத." மைதான மூலையில் எப்போதும் நிற்கும் ஆம்புலன்சை நோக்கி இரண்டு கையையும் ஆட்டினாள்.

கழுத்துக்குப் பட்டை கட்டிப் படுக்கவைத்தார்கள். இயோலா கூடவே ஏறி உட்கார்ந்தாள். கதவு சாத்தும்போது மைதானத்திலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. எந்தப் பக்கத்துக் கூச்சல் என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை. இயோலா அவளுடைய இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"அமுத்து. என் வெரல அமுத்து."

மார்னி அமுக்கினாள். இயோலாவுக்கு அது போதவில்லை என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"எத்தன செவ்வாக்கெழம உன்ன அந்த அடுப்புக்குள்ள அனுப்பினேன்?" என்றாள் இயோலா. "பத்திருக்குமா? பன்னெண்டா?"

"இருபத்தொண்ணு," என்றாள் மார்னி. "ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு கோச். ஒவ்வொரு திங்கக்கெழமயும் நான் தூங்கினதே இல்ல."

இயோலா மார்னியின் செத்த விரல்கள் இரண்டையும் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி பாலத்தின் மேல் ஏறியது.

"டிரைவர் தம்பி," என்றாள் மார்னி, கூரையோரக் கண்ணாடியில் தெரிந்த அவன் முகத்தைப் பார்த்தபடி, "வலது பக்கக் கண்ணாடியப் பாருப்பா. ஏறினதுலேருந்து நீ ஒரு தடவகூடப் பாக்கல."